அந்தோணியாரிடம் போன விமானம்

தூத்துக்குடி
3-8-1975

அன்புள்ள பவுல் அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் இனிகோ எழுதுவது. பனிமய மாதா திருவிழா நடந்துகொண்டிருக்கிறது; வீட்டில் எல்லோருக்கும் கோவிலே கதி. யாருக்கும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை. பஹ்ரைன் வெயில் உங்களைக் கொஞ்சமாவது விட்டுவைத்திருக்கிறதா?

தலைவர் எந்த நாட்டில் இருந்தாலும் மாதம் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது நீங்கள் போட்ட உத்தரவு. ஆகவே முத்துநகர் மாதிரி விமானச் சங்கத்தின் செயலாளராக நான் எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து உப்பளத்துத் தரையில் கூடினோம். நீங்கள் சொன்னபடி உங்கள் விமானம் ஆலாவைப் பறக்கவிட்டுப் பார்க்கும் முன்பறப்பு. ஜனவரியில் சென்னைப் போட்டிக்குப் பேர் கொடுக்க அது வேண்டுமே. நாலு பேர் சேர்ந்து நின்றாலே எமர்ஜென்சி என்று ஏட்டையா விசாரிக்கிற காலம். அதனால் நம் சங்கத்து வெள்ளத்துரை முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போய், இது குண்டு போடும் விமானம் இல்லை, நெட்டியும் காகிதமும்தான் என்று விளக்கிவிட்டு வந்தான். ஏட்டையா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம்.

தூண்டில் நரம்பைக் கட்டி நான் இழுத்துக்கொண்டு ஓட, ஆலா அழகாக எழும்பியது. வாலில் ஊதுவத்தி கொளுத்தியாயிற்று. அது எரிந்து ரப்பரை அறுத்தால் வால் தூக்கிக்கொண்டு விமானம் தானாகவே கீழே இறங்கும் என்பது உங்கள் ஏற்பாடு. அன்றைக்கு அது இறங்கவில்லை. ஊதுவத்தி அணைந்திருக்க வேண்டும். கீழே உப்பளத்துச் சூடு தூக்கியது, மேற்கேயிருந்து கச்சான் காற்று கடலைப் பார்த்துத் தள்ளியது. நாங்கள் வரப்பு வரப்பாக ஓடினோம். வெள்ளத்துரை உப்புத் தண்ணீருக்குள் விழுந்து எழுந்தான். ஆலா ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் போய்விட்டது.

இரண்டு வருஷம் நீங்கள் கண்விழித்துச் செய்த விமானம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காளிடம் சொன்னேன். "பறக்கதுக்குத்தான செஞ்சாக, பறந்துட்டு" என்றாள். அவள் சுகமாக இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

பணிவுள்ள,
இனிகோ



பஹ்ரைன்
29-8-1975

அன்புள்ள மாப்பிள்ளை இனிகோவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். நீங்கள் எல்லோரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எந்தக் கடை ஊதுவத்தி? பொட்டலத்தை வெயிலில் காய வைத்தாயா? காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் செருகினாயா, காற்றுப் பக்கமாகவா? இதையெல்லாம் போகும்போதே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். கச்சான் ஓயும் மட்டும் பொறுத்திருக்கக் கூடாதா? நான் முன்பறப்பு நடத்தச் சொன்னேனே தவிர, கடலில் விடச் சொல்லவில்லை.

பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்ததா? விதி நான்கு உனக்கு மறந்திருக்காது: பெயர்ச் சீட்டு இல்லாத விமானம் பறக்கக் கூடாது. ஆலாவின் வயிற்றில் என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் என் கையால் எழுதி, மேலே வார்னிஷ் பூசியிருந்தேன். கடல் தண்ணீர் பட்டாலும் அழியாது. கடற்கரை ஊர்களில் விசாரி. வேம்பார் வரைக்கும் விசாரி.

இங்கே பொழுதெல்லாம் விமானங்களுக்குப் பக்கத்திலேயே போகிறது. ஒன்று போனால் ஒன்று வருகிறது. அதிகம் எழுத நேரம் இல்லை.

உன் அக்காளைக் கேட்டதாகச் சொல்.

பவுல்



தூத்துக்குடி
28-9-1975

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீங்களும் அப்படித்தான் என்று செல்வதுரை அண்ணாச்சி சொன்னார். பஹ்ரைனிலிருந்து லீவில் வந்தவர் நீங்கள் கொடுத்துவிட்ட பால்மாவு டின்னை வீட்டில் சேர்த்துவிட்டார். எங்கள் அத்தான் விமானத்தில் எந்தப் பாகத்தில் வேலை பார்க்கிறார், எஞ்சினா சக்கரமா என்று சங்கத்தார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மென்று முழுங்கினார். கம்பெனி ரகசியம் போலிருக்கிறது. பிறகு அக்காளிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்.

ஆலா கிடைத்துவிட்டது! ஆனால் கிடைக்கவில்லை. குழம்பாமல் படியுங்கள், நான் குழம்பியது போதும்.

வெள்ளத்துரை உப்புக் கம்பெனி வேலையாகச் சூசைபுரம் போயிருக்கிறான். வைப்பாறு தாண்டிக் கடலோரமாக இருக்கும் சின்ன ஊர். அங்கே அந்தோணியார் குருசடி என்று ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால், கப்பலுக்குப் போனவர்களுக்காக நேர்ந்து தொங்கவிட்ட சின்னச் சின்ன மரப் படகுகளுக்கு நடுவே நம் ஆலா தொங்குகிறது. கீழே மெழுகுவர்த்தி எரிகிறது. அவன் சைக்கிளை மிதித்த வேகத்தில் சங்கிலி கழன்றுவிட்டதாம்.

அடுத்த நாளே போனோம். இஞ்ஞாசி என்பவர் வலையில்தான் அது கிடைத்திருக்கிறது. எங்கே குழப்பம் என்றால், வாலில் பாதி எரிந்த ஊதுவத்தி, வயிற்றில் ஒரு ஆணின் பெயர். கடலில் இப்படி ஒன்று மிதந்து வந்தால் அந்த ஊரார் என்ன நினைப்பார்கள்? விமானத்தில் போன புருஷன் பத்திரமாகத் திரும்ப யாரோ வத்தி கொளுத்தி நேர்ந்துவிட்ட பொருள் என்று நினைத்துவிட்டார்கள். யார் கொண்டுவந்து குருசடியில் தொங்கவிட்டது என்று இஞ்ஞாசியைக் கேட்டேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே, "என்னைய என்னத்துக்குக் கேக்கீரு தம்பி?" என்றார். பிறகு வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

குருசடியைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் விஷயத்தை விளக்கினேன். ஊதுவத்தி வழிபாட்டுக்கு இல்லை, விமானத்தைக் கீழே இறக்குவதற்கு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எறங்கிட்டுல்லா?" என்றார். மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். "நேர்ந்ததை யாரும் எடுக்கக் கூடாது தம்பி. யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆள் வந்து, நான் வந்துட்டேன்னு அந்தோணியார்ட்டச் சொல்லி எடுத்துக்கிடலாம். அதுதான் மொறை" என்று சொல்லிவிட்டார்.

விமானம் நல்ல நிலையில் இருக்கிறது. கிழிந்த இடது றெக்கையில் யாரோ வெள்ளை வலைத்துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். பூசைக்கு அக்காள் போடுகிற முக்காட்டுத் துணி மாதிரியே இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் அதே துணி விற்கும் போல. தையல் பிரமாதம்.

அக்காளிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, "காணாமப் போனது அந்தோணியார் கையில இருந்தா பத்திரமாத்தான் இருக்கும்" என்றாள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
இனிகோ



பஹ்ரைன்
20-10-1975

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. கோபத்துக்கும் குறைவில்லை.

இதில் குழம்ப என்ன இருக்கிறது? யாரும் நேரவில்லை. நேராத பொருள் எப்படி நேர்ச்சை ஆகும்? விமானத்துக்குச் சொந்தக்காரன் நான். இத்துடன் உபதேசியாருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மாதிரி விமானம் என்றால் என்ன என்று விளக்கி, என் பிரதிநிதியாக நீ எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மரியாதையாகக் கொடு. றெக்கையில் தைத்த துணியைப் பிரித்துவிடு. ஒரு பக்கம் கனம் கூடினால் சாய்ந்து பறக்கும்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். டிசம்பரோடு என் இரண்டு வருஷம் முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறாயா என்று கேட்டார்கள். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் மேலே வந்த பிறகு வரலாம் என்று ஒரு நினைப்பு. உன் அக்காளிடம் இப்போது சொல்ல வேண்டாம். சமயம் பார்த்து நானே எழுதுகிறேன். சென்னைப் போட்டிக்கு நீயே ஆலாவைக் கொண்டு போ.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

பவுல்



தூத்துக்குடி
16-11-1975

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே மழை. அம்மாவுக்கு இருமல், பயப்படும்படி இல்லை. அக்காள் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை உபதேசியாரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல கையெழுத்து என்றார். அப்புறம், "கையெழுத்து வந்திருக்கு, ஆள் வரலியே" என்று சொல்லிக் கடிதத்தையும் மடித்து அந்தோணியார் காலடியில் வைத்துவிட்டார். நாம் கொடுத்த கடிதமும் இப்போது நேர்ச்சை ஆகிவிட்டது. அதையும் எடுக்க முடியாது.

நிலைமை கை மீறிப் போகிறது. செவ்வாய்க்கிழமைதோறும் பெண்கள் வருகிறார்கள். துபாய்க்கும் குவைத்துக்கும் புருஷனை அனுப்பியவர்கள் பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஊசிநூலில் கோர்த்து ஆலாவின் றெக்கையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்த ஒரு உம்மா வாசலிலேயே நின்று, மகன் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் சீனி கொடுத்தார்களாம். வெள்ளத்துரை மனசுக்குள் கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் இது புயலிலும் எழும்பாது என்கிறான். சங்கக் கூட்டத்தில் இதற்கு என்ன தீர்மானம் போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அத்தான், இன்னொன்று. நேற்று அக்காள் என்னிடம் நேராகவே கேட்டாள். "டிசம்பர்ல வாராகளாலே?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயசிலிருந்து எனக்குச் சோறு ஊட்டியவள். அவள் முன்னால் நின்று பொய் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

மழை நின்றதும் அடுத்த அறிக்கை.

இனிகோ



பஹ்ரைன்
4-1-1976

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். தபால் தாமதம். வேலையும் அதிகம். அம்மா இருமலுக்குச் சித்தரத்தை கொடுங்கள்.

ஆலாவை விட்டுவிடு. அலமாரியில் மேல் தட்டில் அதன் வரைபடம் சுருட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து இன்னொன்று செய்துகொள்ளுங்கள்.

பவுல்



தூத்துக்குடி
26-1-1976

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் போய்விட்டது.

அலமாரியில் வரைபடம் இல்லை. அக்காளைக் கேட்டேன். "கரையான் அரிச்சிருக்கும்" என்றாள். தேக்கு அலமாரியில் வரைபடத்தை மட்டும் அரிக்கிற கரையானை நான் இதுவரை பார்த்ததில்லை. சென்னைக்கு வெள்ளத்துரையின் விமானத்தைத்தான் கொண்டு போனோம். கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்துக்காரர் வரவே இல்லை.

அதெல்லாம் கிடக்கட்டும். பேப்பரில் பார்த்தோம், அத்தான்! சத்தத்தை விட வேகமாகப் போகிற கான்கார்டு விமானம் லண்டனிலிருந்து முதல் முதலாக எங்கே வந்து இறங்கியிருக்கிறது? உங்கள் பஹ்ரைனில்! சங்கமே துள்ளிவிட்டது. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, நம் தலைவர் நிற்கிற இடத்துக்கே அது வந்திருக்கிறது. வெள்ளத்துரை டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். எங்கள் தலைவர்தான் அதற்குச் சக்கரம் பார்க்கிறார் என்று அவனாகவே சொல்லிக்கொண்டான்.

சங்கச் செய்தித்தாளுக்கு நீங்கள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். எத்தனை சக்கரம்? இறங்கும்போது மூக்கைக் கீழே மடக்குமாமே, கண்ணால் பார்த்தீர்களா? கிட்டே நின்றால் காது அடைக்குமா?

அக்காள் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. உங்கள் கடிதம் வந்தது என்றால், "சங்கத்துச் சேதியா, வீட்டுச் சேதியா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

கட்டுரைக்குக் காத்திருக்கும்,
இனிகோ



பஹ்ரைன்
24-2-1976

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அனைவர் சுகமும் அறிந்தேன்.

கான்கார்டு மிகவும் வேகமான விமானம். மூக்கு கூர்மையாக இருக்கும். நிறம் வெள்ளை. மற்றபடி பேப்பரில் போட்டிருப்பது எல்லாம் சரிதான். கட்டுரை எழுத எனக்கு வராது. வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துரையிடம் டீக்கடையில் அப்படியெல்லாம் பேச வேண்டாம் என்று சொல்.

பவுல்



தூத்துக்குடி
14-3-1976

உங்களுக்கு,

பிளாரன்ஸ் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேனா என்று நீங்கள் இனிகோவிடம் கேட்பீர்கள், அவன் ஆமாம் என்பான். இந்தத் தடவை நானே சொல்கிறேன். சுகமாக இல்லை. காய்ச்சல் எதுவும் கிடையாது. அம்மாவும் இனிகோவும் வந்து போனாலும், இரண்டு பேர் சாப்பிட வேண்டிய வீட்டில் ஒருத்தியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

உங்கள் விமானத்தைக் குருசடியில் தொங்கவிட்டது சூசைபுரத்துக்காரர்கள் இல்லை. நான்தான்.

ஆகஸ்டு மாதம் திருவிழா முடிந்த வாரம், இஞ்ஞாசி அண்ணன் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்தார். அதன் வயிற்றில் உங்கள் கையெழுத்தில் நம் விலாசம் இருந்ததே. வாசலில் நின்று, "வத்தி கொளுத்தி விட்டிருக்கியளே, எந்தப் புனிதருக்கு நேர்ந்தது தங்கச்சி?" என்று கேட்டார். இது விளையாட்டுச் சாமான் அண்ணே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தோணியாருக்கு என்று வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே அப்போது விளங்கவில்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுத பிறகு விளங்கிவிட்டது.

கிழிந்த றெக்கைக்கு என் முக்காட்டை வெட்டித் தைத்தேன். அது நம் கல்யாணத்தன்று போட்டது. அடுத்த செவ்வாய் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆள் வந்தால்தான் எடுக்கலாம் என்பது அங்கே எப்போதும் உள்ள முறைதான். ஆனால் யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம், என் தம்பி கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். வரைபடமும் என்னிடம்தான் இருக்கிறது. இனிகோ பாவம், ஒன்றும் தெரியாமல் திண்டாடுகிறான். அவனிடம் நான் சொல்லவில்லை.

டிசம்பரில் நீங்கள் வரப்போவதில்லை என்பதை அவன் சொல்லவில்லை. அவன் முகம் சொல்லிவிட்டது. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். செப்டம்பரிலேயே செல்வதுரை அண்ணாச்சி சொல்லிவிட்டார். விமானத்தில் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டுகிற குசினியில் தட்டுக் கழுவுகிறீர்கள். என்னிடம் சொல்ல அதில் என்ன இருக்கிறது? நான் தினமும் கழுவுகிறேன், யாரும் என்னைக் குறைவாக நினைத்ததில்லை.

ஆலாவைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினீர்கள். அதன் றெக்கை எப்படி, வால் எப்படி, கனம் கூடியதா என்று எவ்வளவு கேட்டீர்கள். ஒவ்வொன்றையும் இனிகோ எனக்கு வாசித்துக் காட்டினான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், எங்கேயாவது நான் வருவேனா என்று. "உன் அக்காளைக் கேட்டதாகச் சொல்" என்று ஒரே ஒரு வரி வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் வர வேண்டும்.

எனக்காக வர உங்களுக்கு முடியவில்லை என்றால் விமானத்துக்காக வாருங்கள். வந்த பிறகு யாருக்காக வந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

பிளாரன்ஸ்



பஹ்ரைன்
6-4-1976

பிளாரன்ஸ்,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் நலமாக இல்லை என்று நானும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு எழுத உட்கார்ந்தால் என்னால் பொய் எழுத முடியாது. இனிகோவுக்கு என்றால் ஊதுவத்தி, றெக்கை, வால் என்று பக்கத்தை நிரப்பிவிடலாம். அதனால் அவனுக்கே எழுதினேன். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. உன்னை நினைக்காத நாளும் இல்லை.

எஞ்சின் பக்கம் போகலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். இங்கே வந்ததும் குசினியில் விட்டார்கள். ஆறு மாதத்தில் மாற்றுகிறோம் என்றார்கள். நானும் அதை நம்பி, மாற்றிய பிறகு உண்மையை எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். எழுதியிருந்த பொய் என்னை ஊருக்கு வர விடவில்லை. சங்கத்தார் முகத்தில் எப்படி முழிப்பது என்றே குழம்பிக் கிடந்தேன். உன் முகத்தைப் பற்றித்தான் முதலில் நினைத்திருக்க வேண்டும்.

கான்கார்டு வந்த அன்று நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் கேட்டது. சோப்புக் கையோடு பின்வாசலுக்கு ஓடினேன். அதற்குள் கட்டிடத்துக்கு அந்தப்புறம் இறங்கிவிட்டது. சத்தம் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. அப்போது பக்கத்தில் நீ இருந்தால் உன்னிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். சொல்ல ஆள் இல்லாமல் மறுபடி உள்ளே போய்க் கழுவினேன்.

நீட்டித்ததை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் பம்பாய் வந்து அங்கிருந்து ரயில் ஏறுகிறேன். நான் வரும் மட்டும் ஆலா அங்கேயே இருக்கட்டும். றெக்கையில் நீ தைத்த துணியைப் பிரிக்க யாரையும் விடாதே.

இனிகோவிடம் நீயாக எதுவும் சொல்ல வேண்டாம். என் வாயால் நானே சொல்கிறேன்.

பவுல்



தூத்துக்குடி
23-5-1976

பஹ்ரைனில் இருக்கும் செல்வதுரை அண்ணாச்சிக்கு,

சங்கத்தின் முதல் வெளிநாட்டு உறுப்பினராக நீங்கள் சேர்ந்தது எங்களுக்குப் பெருமை. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். போன வாரம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறோம்.

உறுப்பினர்களுக்கான செய்தி: தலைவர் வந்துவிட்டார். விமானம் வரவில்லை. இதற்கு விளக்கம் கேட்டு யாரும் செயலாளருக்கு எழுத வேண்டாம். செயலாளருக்கும் தெரியாது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அத்தான் ரயிலில் வந்து இறங்கினார். கான்கார்டு பற்றிக் கேட்க வெள்ளத்துரை மாலையோடு ஸ்டேஷனில் நின்றான். "பார்க்கல மாப்ள. சத்தந்தான் கேட்டேன். கையெல்லாம் சோப்பு. தட்டுக் கழுவிக்கிட்டு இருந்தேன்" என்றார். தட்டு என்பது விமானத்தில் எந்தப் பாகம் என்று வெள்ளத்துரை கேட்டான். அத்தான் அவன் தோளைத் தட்டி, சோறு வைக்கிற தட்டு, அங்கே அதுதான் என் வேலை என்றார். பிறகு வெள்ளத்துரை அந்த மாலையை அவர் கழுத்தில் போட்டான். அதற்குத்தானே வாங்கியது என்றான். அக்காள் அத்தானுடைய பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அத்தானும் அக்காளும் நானும் சூசைபுரம் போனோம். இஞ்ஞாசி அண்ணாச்சி ஏனோ என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். உபதேசியார் முக்காலி போட்டு ஏறத் தயாராக நின்றார். "யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆள் வந்தாச்சா?" என்று முறைப்படி கேட்டார். அத்தான், "வந்துட்டேன்" என்றார். அக்காள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சாக்கும் கயிறும் கொண்டு போயிருந்தேன். ஆனால் அத்தான் ஆலாவை இறக்கவில்லை. றெக்கையில் கட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உங்கள் வீட்டில் கட்டிய உங்கள் படமும் அதில் இருக்கிறது அண்ணாச்சி. "இவுகள்லாம் இன்னும் வரலியே" என்றார். அப்புறம் உபதேசியாரிடம் ஒரு பிளேடு வாங்கி, முக்காலியில் ஏறி, வயிற்றில் ஒட்டியிருந்த தம் பெயர்ச் சீட்டை மட்டும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். வார்னிஷ் பூசியிருந்ததால் கிழியாமல் முழுசாக வந்தது. கீழே இறங்கி அக்காள் கையில் கொடுத்தார். அவள் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். விமானத்துக்காக வந்தவர் விமானத்தை எடுக்காமல் ஏன் இறங்கினார் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தார்கள். சாக்கு என் மடியில் இருந்தது.

ஆகவே, அடுத்த போட்டிக்கு ஆலா இல்லை. அந்தோணியார் ஒருநாள் மனம் மாறித் திருப்பிக் கொடுத்தாலும் அதைப் பறக்கவிட முடியாது. பெயர்ச் சீட்டு இல்லாத விமானம் பறக்கக் கூடாது என்பது சங்க விதி நான்கு. தலைவரே எழுதிய விதி.

சீக்கிரம் வந்து உங்கள் படத்தைக் கழற்றிக்கொள்ளுங்கள், றெக்கை கனக்கிறது.

இனிகோ
செயலாளர், முத்துநகர் மாதிரி விமானச் சங்கம்